கிடர்பூர்: இரும்புக்குச் சோதனை வந்தது, ஆளுக்குப் பயிற்சி வரவில்லை

1932ஆம் ஆண்டு ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 32ஆம் எண் உடன்படிக்கை, கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களை விபத்திலிருந்து காப்பதற்கானது. அளவுகள் நிறைந்த ஆவணம் அது. கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் நடைபலகை குறைந்தது 22 அங்குல அகலம் இருக்க வேண்டும். அதன் இருபுறமும் 2 அடி 9 அங்குல உயரத்திற்குத் தடுப்பு வேண்டும். கப்பலின் உட்கிடங்கு 5 அடிக்கு மேல் ஆழமாக இருந்தால் இறங்குவதற்குத் தக்க வழி வேண்டும். ஏணியாயின் அதன் படியில் கால் பதிவதற்கு நாலரை அங்குல ஆழமும் 10 அங்குல அகலமும் வேண்டும். அரை அங்குலமோ அதற்குக் குறைவோ தடிமன் உள்ள சங்கிலி தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தால், ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் அதை உலையில் காய்ச்சி மெல்ல ஆறவிட வேண்டும். திரும்பத் திரும்ப இழுபட்டு வெடவெடத்துப்போன இரும்பு மீண்டும் இணக்கம் பெறுவதற்கான வழி அது. கம்பிவடத்தில், அதன் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்திற்குள், மொத்த இழைகளில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அறுந்து வெளியே தெரிந்தால் அந்த வடத்தைப் பயன்படுத்தக் கூடாது. சங்கிலியை முடிச்சுப் போட்டுச் சுருக்கக் கூடாது.

எவரோ முடிச்சுப் போட்டுச் சுருக்கிய சங்கிலி எங்கோ அறுந்திராவிட்டால் இப்படியொரு வாக்கியம் சட்டத்திற்குள் நுழைந்திருக்காது. விபத்துச் சட்டங்களின் அளவுகளைப் படிக்கும்போது ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு விழுகை இருக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது. கல்கத்தாவின் கிடர்பூர் கப்பல்துறைக்கு இந்த எண்கள் எப்போது வந்தன, வந்து யாருக்கு எதைக் கற்பித்தன என்பது இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி.

ஹூக்ளி ஆற்றில் ஓதம் கடுமையானது. வங்காளிகள் 'பான்' என்றழைக்கும் ஓத அலை ஆற்றின் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கிச் சுவர்போல் எழுந்துவரும் நாட்களில், நங்கூரமிட்ட கப்பல்களும் படகுகளும் நிலைகுலையும். கப்பல்கள் ஆற்றிலேயே நின்று, படகுகளின் வழியே சரக்கை மாற்றிக்கொண்டிருந்த காலம் நீண்டது. 1870இல் துறைமுக ஆணையர்களின் நிர்வாகம் அமைந்த பின்னரும் அந்நிலை தொடர்ந்தது. ஆற்றிலிருந்து மதகுவாயிலால் பிரிக்கப்பட்ட, நீர்மட்டம் மாறாத குளம் போன்ற கப்பல்துறை கிடர்பூரில் 1892இல் திறக்கப்பட்டது. அவ்விடத்திற்குக் கப்பல் வாசனை புதிதன்று. ஹென்றி வாட்சன் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கப்பல்துறை அமைக்க முயன்றார். வாட்கஞ்ச் என்ற பெயர் அவரால் வந்தது. பின்னர் ஜேம்ஸ் கிட் அங்கே கப்பல் கட்டினார்; 1818இல் 74 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்றும் அவரது தளத்திலிருந்து நீரில் இறங்கியது. ஊரின் பெயரே கிட் குடும்பத்திலிருந்து வந்தது என்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு.

மதகுவாயில் வந்ததும் வேலையின் தன்மை மாறியது. ஓதத்திற்காகக் காத்திராமல் இரவும் பகலும் ஏற்றி இறக்கலாம். சணல் பொதிகள், தேயிலைப் பெட்டிகள், நிலக்கரி, தானிய மூட்டைகள், தண்டவாளங்கள், இயந்திரப் பாகங்கள் என எல்லாம் ஒரே கப்பலில் வந்துபோகும். கப்பலின் மேல்தளத்தில் ஹாட்ச் எனப்படும் திறப்பு. அதன் குறுக்கே கழற்றி மாட்டும் உத்தரங்கள். அவற்றின்மேல் பலகை மூடிகள். மூடியை அகற்றி, உத்தரத்தைத் தூக்கி வைத்து, டெரிக் கம்பத்திலிருந்து வரும் வடத்தைக் கீழே இறக்குவார்கள். கீழே இருட்டில் நிற்பவர்கள் சரக்கைக் கயிற்று வளையத்தில் கட்டிக் கொக்கியில் மாட்டுவார்கள். மேலே ஹாட்சின் விளிம்பில் ஒருவர் நின்று கையசைப்பார். நீராவி வின்சை இயக்குபவருக்குக் கீழே இருப்பவர்கள் தெரிவதில்லை. அந்தக் கை மட்டுமே தெரியும். கீழே நிற்பவரின் உயிர் அந்தக் கையசைவில் இருந்தது.

அந்தக் கையசைவை யார் கற்பித்தார் என்ற கேள்விக்கு, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத்திற்கு ஒரே பதில்தான்: சர்தார். பீகார், ஐக்கிய மாகாணம், ஒரிசா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்களைத் தன் ஊர், தன் உறவு என்று திரட்டிக் குழுவாகக் கொண்டுவந்தவர் அவர். தங்க இடம் கொடுத்தவரும் கடன் கொடுத்தவரும் அவரே. கூலியில் பங்கு எடுத்துக்கொண்டவரும் அவரே. வரலாற்றாசிரியர்கள் சர்தாரைச் சுரண்டலின் கண்ணியாகக் காட்டியிருப்பது சரியானதே. ஆயினும் அவர் ஆசிரியராகவும் இருந்தார் என்பதை விட்டுவிட்டால் படம் முழுமை பெறாது. எந்தச் சரக்குக்கு எந்தக் கட்டு, சணல் பொதியில் கொக்கியை எங்கே குத்துவது, தொங்கும் பாரத்தின் கீழிருந்து எப்போது விலகுவது என்பவையெல்லாம் எழுத்தில் இல்லாத பாடங்கள். புதிதாக வந்த இளைஞன் அண்ணன் முறையுள்ள ஒருவரின் அருகில் நின்று பார்த்துப் பழகினான். இந்தக் கல்வியின் குறையும் அதிலேயே இருந்தது: வேகத்தால் பயன்பெறுபவரே எச்சரிக்கையையும் கற்பித்தார். கப்பல் ஒரு நாள் கூடுதலாக நின்றால் கப்பல் முதலாளிக்குச் செலவு. அந்த அவசரம் சரக்கிறக்கும் ஒப்பந்ததாரரான ஸ்டீவடோர் வழியாகச் சர்தாரிடம் இறங்கி, சர்தாரின் குரலில் கிடங்கின் அடிவரை போனது.

இன்னொரு சிக்கல் உடைமை பற்றியது. கரையில் வேலை செய்தவர்கள் துறைமுக ஆணையர்களுக்காக உழைத்தார்கள். ஆனால் அவர்களைத் திரட்டித் தந்தது பேர்டு கம்பெனி என்ற ஒப்பந்த நிறுவனம். கப்பலுக்குள் வேலை செய்தவர்களை ஸ்டீவடோர்கள் அமர்த்தினார்கள். வின்சும் டெரிக்கும் கப்பல் முதலாளியுடையவை. கரையிலிருந்த கிரேன் துறைமுகத்துடையது. சரக்கைக் கட்டும் கயிறும் சங்கிலியும் பெரும்பாலும் ஸ்டீவடோர் கொண்டுவந்தவை. ஒருவர்மேல் பாரம் விழுந்தால் அறுந்தது யாருடைய இரும்பு என்ற வழக்கு முதலில் எழும். விழுந்தவர் யாருடைய ஆள் என்பது அடுத்து எழும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இரண்டாவது கேள்விக்கு ஒருவகைப் பதில் தந்தது. 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், ஒப்பந்ததாரர் வழியாக வேலை வாங்கினாலும் மூல முதலாளியிடமே நட்டஈடு கோரலாம் என்றது. வயதுவந்த தொழிலாளி இறந்தால் 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. தொகையை ஆணையரிடம் கட்ட வேண்டும்; அவர் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். கூலிக்கணக்கு சர்தாரின் கையில் இருக்கும்போது மாதக் கூலி என்ன என்பதை நிறுவுவதே கடினம். வாரிசு பல நூறு மைல்களுக்கு அப்பால் கங்கைச் சமவெளியின் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும்போது, அந்த உரிமை அவரை எட்டுவது இன்னும் கடினம். இதற்கு ஓராண்டு முன்புதான், 1922இல், துறைமுகச் சட்டத்தின் திருத்தம் 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களைச் சரக்கு வேலையிலிருந்து விலக்க வழிசெய்திருந்தது. அதற்கு முன் வயதுக்கு வரம்பே இல்லை.

1929இல் ஜெனீவாவில் கப்பல்துறைத் தொழிலாளர்க்கான முதல் விபத்துத் தடுப்பு உடன்படிக்கை நிறைவேறியது. அதே கூட்டத்தில் 1 மெட்ரிக் டன்னுக்கு மேற்பட்ட பொதிகளின்மேல் எடையைக் குறிக்க வேண்டும் என்ற உடன்படிக்கையும் வந்தது. சிறு விஷயம்போல் தோன்றும். ஆனால் கொக்கியில் மாட்டப்போகும் பெட்டி எத்தனை கனம் என்று அறியாமல் வின்சை இயக்குவதன் பொருளை எண்ணினால் சிறிதாகத் தோன்றாது. இதை இந்தியா 1931இலேயே ஏற்றது. உள்நாட்டுச் சட்டம் 1951இல்தான் வந்தது. விபத்துத் தடுப்பு உடன்படிக்கை நடைமுறைச் சிக்கல்களால் 1932இல் திருத்தப்பட்டது. அதைப் பின்பற்றி 1934இல் இந்தியக் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது.

அச்சட்டம் நூலில் ஏறியது; நடைமுறைக்கு வரவில்லை. 1934இன் இறுதியில் கல்கத்தாக் கப்பல்துறைத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களைக் காக்கும் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியிருந்தும் பதினான்கு ஆண்டுகள் உறங்கியது. விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணைக்குழு, துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவேட்டில் சேர்த்து வேலையை முறைப்படுத்த வேண்டும் என்று 1931இல் பரிந்துரைத்திருந்தது. அதுவும் அவ்வாறே காத்திருந்தது. இந்த இரு தாமதங்களும் ஒன்றோடொன்று பின்னியவை. தினமும் வாயிலில் பொறுக்கியெடுக்கப்பட்டு மாலையில் கலைந்துபோகும் கூட்டத்திற்கு எதையும் முறையாகக் கற்பிக்க இயலாது. இன்று வந்தவர் நாளை வருவார் என்ற உறுதி இருந்தால்தான் பயிற்சி என்ற சொல்லுக்கே பொருள் உண்டு.

போர் இதைக் கொடூரமாக வெளிப்படுத்தியது. 1943 டிசம்பர் 5ஆம் நாள் பகலில் ஜப்பானிய விமானங்கள் கிடர்பூர் கப்பல்துறையில் குண்டு வீசின. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்களில் பெரும்பகுதியினர் வேலையிலிருந்த தொழிலாளர்கள். பஞ்சம் வங்காளத்தைத் தின்றுகொண்டிருந்த ஆண்டு அது. கப்பல்துறை வேலை பலருக்குச் சோற்றுக்கான கடைசி வழி. இறந்தோரின் எண்ணிக்கை ஒன்றுபட்டதாக இன்றுவரை இல்லை. சர்தாரின் நினைவிலும் கூலிச் சீட்டிலும் மட்டுமே இருந்த பெயர்களைக் கொண்டு துல்லியமான கணக்கு எடுப்பது எளிதன்று.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 14இல் பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பல் வெடித்தது. வெடிபொருள்கள் இருந்த கப்பலில் கராச்சியில் பருத்திப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியில் தீ பிடித்தது. சில மணி நேரத்தில் வெடிப்பு. எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீயை அணைக்கப் போராடியவர்கள் பலர் அதில் அடக்கம். எந்தச் சரக்கை எதனருகில் அடுக்கக் கூடாது என்பது கூலிக்காரர் கையில் இல்லாத முடிவு என்பதையும் அந்த நாள் காட்டியது. விபத்துகளைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடிக்கும் வழக்கத்திற்கு அங்கே இடமிருக்கவில்லை.

சுதந்திரத்திற்குச் சில மாதங்கள் முன்பு, 1947இல், இந்தியா 32ஆம் உடன்படிக்கையை ஏற்றது. மறு ஆண்டு, 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குவிதிகளுடன் உயிர் பெற்றது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று துறைமுகங்களிலும் கப்பல்துறைப் பாதுகாப்பு ஆய்வாளர் அலுவலகங்கள் அமைந்தன. இப்படித்தான் தொடக்கத்தில் சொன்ன அங்குலங்கள் கிடர்பூருக்கு வந்து சேர்ந்தன. ஆய்வாளர் கப்பலில் ஏறி நடைபலகையை அளந்தார். கொக்கியின்மேல் பாதுகாப்பான பாரம் எவ்வளவு என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்தார். சோதனைச் சான்றிதழைக் கேட்டார்.

ஆள் பற்றி உடன்படிக்கை சொன்னது மிகக் குறைவு. தூக்கும் இயந்திரத்தை இயக்கவும், இயக்குபவருக்குச் சைகை காட்டவும் தகுதியும் நம்பகமும் உள்ளவர்களையே அமர்த்த வேண்டும் என்றது. அந்தத் தகுதியை யார், எங்கே, எத்தனை நாளில் உண்டாக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தொழிலாளிக்கு விதியைத் தெரிவிக்கும் கடமையாக அது கூறியது, சட்டத்தையோ அதன் சுருக்கத்தையோ கப்பல்துறையில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைப்பதை. போஜ்புரியும் ஒடியாவும் வங்காளமும் உருதுவும் பேசிய, பெரும்பாலும் எழுத்தறியாத ஒரு கூட்டத்தின் முன் ஒரு தாள் சுவரில் தொங்கியது. சங்கிலிக்கு ஆறு மாதத்திற்கொருமுறை கவனிப்பு. அதைப் பிடித்து நின்றவருக்கு ஒரு சுவரொட்டி. அந்தக் காலத்து நிபுணர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரும்பின் குறையை அளக்கலாம், நீதிமன்றத்தில் காட்டலாம். மனிதரின் பழக்கத்தை அப்படிக் காட்ட இயலாது என்றே உலகமெங்கும் எண்ணினார்கள்.

உண்மையான மாற்றம் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக வரவில்லை. பதிவேட்டின் வழியாக வந்தது. 1948இன் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பம்பாயில் 1951இலும், கல்கத்தாவில் 1952இலும், சென்னையில் 1953இலும் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பினரும் அமர்ந்த வாரியங்கள் அவை. தொழிலாளிக்கு எண் கிடைத்தது, அட்டை கிடைத்தது, சுற்றுமுறையில் வேலை கிடைத்தது. வின்ச் இயக்குபவர், சைகையாளர், கிடங்குத் தொழிலாளி என்று வகைகள் பிரிந்தன. ஒருவர் எந்த வேலைக்குத் தகுதியானவர் என்பது சர்தாரின் வாயிலிருந்து காகிதத்திற்கு நகர்ந்தது. அடிபட்டவரைப் பெயர் சொல்லித் தேடவும், அவர் குடும்பத்திற்குக் கடிதம் எழுதவும் முடிந்தது. சர்தார் மறைந்துவிடவில்லை, குழுத் தலைவராக வாரியத்தின் ஏட்டில் அவரும் ஏறினார். பழைய செல்வாக்கு ஏட்டின் ஓரங்களில் நெடுங்காலம் நிலைத்தது.

1934ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலையும் அதை ஒட்டிய கரையையும் மட்டுமே கவனித்தது. கப்பல்துறையின் மற்றப் பகுதிகளில் உழைத்தவர்கள் வெளியே நின்றார்கள். 1961இல் தனித் திட்டம் ஒன்று இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. 1966இல் பம்பாயில் மத்தியத் தொழிலாளர் நிறுவனம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 4இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தோன்றியது. கல்கத்தா, சென்னை, கான்பூர் ஆகிய நகரங்களில் வட்டாரத் தொழிலாளர் நிறுவனங்கள் அமைந்தன. பாதுகாப்பு என்பது கற்பிக்கத்தக்க ஒரு துறை என்ற எண்ணம் அரசு நிறுவனங்களில் இந்த ஆண்டுகளில்தான் வேர்கொண்டது.

1979இல் ஜெனீவாவில் நிறைவேறிய 152ஆம் உடன்படிக்கை, 1932இல் விடுபட்டதைச் சொன்னது. வேலையிலுள்ள அபாயங்களையும் அவற்றைத் தவிர்க்கும் முக்கிய வழிகளையும் பற்றிப் போதிய அறிவுரையோ பயிற்சியோ பெறாத எவரையும் கப்பல்துறை வேலையில் அமர்த்தக் கூடாது என்கிறது அதன் 38ஆம் பிரிவு. இந்தியாவில் 1986இன் சட்டமும் 1990இன் ஒழுங்குவிதிகளும் அதன் பின் வந்தன; பழைய சட்டமும் 1961இன் திட்டமும் ஒன்றாகி விரிந்தன.

இந்தச் சொல் வருவதற்கு ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பதைவிட, அது எதைக் காக்க வந்தது என்பதைப் பார்ப்பது தெளிவு தரும். அறுந்த கம்பிவடம் கண்ணுக்குத் தெரியும், பழகியவர் விலகிக்கொள்வார். மூடிய கிடங்கின் காற்று கண்ணுக்குத் தெரியாது. மரக்கட்டைகளும் நிலக்கரியும் இரும்புத் துண்டுகளும் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் கிடங்கிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். தானியத்திற்குப் போட்ட பூச்சிமருந்துப் புகையும் அப்படியே தங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். மேலிருப்பவர் வழுக்கி விழுந்தார் என்றெண்ணி உதவிக்கு இறங்குகிறார், அவரும் விழுகிறார், மூன்றாமவரும் இறங்குகிறார். உலகத் துறைமுகங்கள் எங்கும் இந்த வரிசை மாறாமல் நிகழ்ந்திருக்கிறது. சர்தார் கற்பித்த முறையின் எல்லை இங்கே தெரிகிறது. பார்த்துப் பழகும் கல்வி பார்க்கக்கூடிய அபாயத்திற்கே உதவும். இங்கோ தோழனைக் காப்பாற்றப் பாய்வது என்ற, குழுவின் மிக உயர்ந்த பழக்கமே உயிரைப் பறிக்கிறது. காற்றை அளக்கும் கருவி வரும்வரை, சுவாசக் கருவி அணியும்வரை, கீழே கிடப்பவர் தம்பியே ஆனாலும் இறங்காதே என்பதை ஒருவருக்கு முன்கூட்டியே, அமைதியான நேரத்தில், காரணத்தோடு சொல்லியாக வேண்டும். சுவரொட்டியால் அது ஆகாது.

பயிற்சி சட்டமான வேளையில் கிடர்பூரில் ஆள் குறைந்துகொண்டிருந்தது. ஆற்றில் மணல் மேடிட்டது. 1977இல் ஹால்தியா திறந்தது. சரக்கு கொள்கலன்களுக்குள் போனது. முதலில் ஜார்ஜ் மன்னர் பெயரில் இருந்து பின்னர் நேதாஜி சுபாஷ் பெயரைப் பெற்ற அண்டைக் கப்பல்துறை கொள்கலன்களுக்கு உரியதாயிற்று; மூட்டையும் பொதியுமாக வரும் சரக்கு கிடர்பூரில் மிச்சமிருந்தது. 1997இன் சட்டம், பெருந்துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்களைத் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்க வழிவிட்டது. பதிவேட்டில் இருந்தவர்கள் வயதாகி ஓய்வு பெற்றனர். அவர்கள் இடத்தில் புதிய எண்கள் வழங்கப்படவில்லை. எஞ்சிய கைவேலைக்கு ஒப்பந்ததாரர்கள் ஆள் கொண்டுவந்தனர். 1986இன் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளியையும் உள்ளடக்கியிருந்தது. 38ஆம் பிரிவின் சொற்களும் அவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. ஆனால் பயிற்சி முடித்தவர் யார், முடிக்காதவர் யார் என்று காட்ட ஓர் ஏடு வேண்டும். அந்த ஏட்டை நாற்பதாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வாரியம், பயிற்சி கட்டாயமான தலைமுறையில் கலையத் தொடங்கியது. 2020இல் அந்தச் சட்டமும் வேறு பன்னிரண்டு சட்டங்களுடன் சேர்ந்து தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலை பற்றிய ஒற்றைத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு துறைமுகத்தின் பெயரும் மாறியது. கிடர்பூரின் மதகுவாயில் இன்றும் ஓதம் பார்த்தே திறக்கிறது.